சொந்த எஞ்சினைக் கைவிட்ட சிடி புராஜெக்ட் ரெட்: சரியான முடிவுதானா?

பாலா_ரிக்

விட்சர் கேம்களைச் செஞ்ச வார்சா (போலந்து) ஸ்டூடியோ சிடி புராஜெக்ட் ரெட், 2022 மார்ச்ல "இனிமே ரெட் எஞ்சின் இல்ல, அடுத்த விட்சர் அன்ரியல் 5-லதான்"னு அறிவிச்சப்போ யாரும் பெருசா வருத்தப்படல. (எஞ்சின்னா கேமை வரைஞ்சு இயக்குற அடிப்படை மென்பொருள்; ரெட் எஞ்சின் அவங்க சொந்தம், அன்ரியல் எபிக் கம்பெனியோடது.) அதே ரெட் எஞ்சின்ல செஞ்ச சைபர்பங்க் 2077 பிழைகளோட வந்த லட்சணம் அப்படி. பிளேஸ்டேஷன் ஸ்டோர்ல இருந்தே தூக்கிட்டாங்க, திரும்ப வர 2021 ஜூன் ஆச்சு.

ஆனா அதுக்கப்புறம் நடந்ததைப் பாருங்க. அதே எஞ்சின்ல ஒளியை நிஜம் மாதிரி கணக்கிடுற பாத் ட்ரேசிங் வந்துச்சு, 2.0 பேட்ச் வந்துச்சு, பேன்டம் லிபர்ட்டிங்கிற கூடுதல் கதை வந்துச்சு. 2025-ல ஸ்விட்ச் 2-லயும் மேக்லயும் ஓடுது. இந்தப் பக்கம் அன்ரியல் 5 லோகோவைப் பார்த்தாலே "எத்தனை தடவை ஸ்டட்டர் ஆகும்"னு (படம் திக்கி நிக்கும்னு) கேக்குற நிலைமை. எஞ்சின் ஒரு வழியா பக்குவத்துக்கு வந்த நேரத்துல கைவிட்டுட்டாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ஒரு ஸ்டூடியோ சொந்த எஞ்சினை எப்ப விடலாம், எப்ப விடக்கூடாது? ஃபேன் சண்டை வேண்டாம், விவரம் தெரிஞ்சவங்க பேசுங்க.

அடையாறு_அல்ட்ரா

தப்பு. பெரிய தப்பு. இதுல விவாதிக்க என்ன இருக்கு?

ஸ்டாக்கர் 2 வந்தப்போ ஆளுங்க இருக்குற ஊருக்குள்ள நுழைஞ்சா சிபியு மூச்சு வாங்குச்சு. ஆப்லிவியன் ரீமாஸ்டர்ல குதிரையை எடுத்துக்கிட்டு காட்டுக்குள்ள போனா பத்தடிக்கு ஒரு வெட்டு. ஜெடை சர்வைவர் அன்ரியல் 4-தான், அதுவும் அதே குடும்பம்தானே? காசு போட்டு கிராஃபிக்ஸ் கார்டு வாங்குறது நாம, கதவைத் திறந்தா கேம் திக்குது. இதே கார்டுல சைபர்பங்க் வழுக்கிக்கிட்டு போகுது. கிங்டம் கம் 2-வும் அப்படித்தான். எவன் சொந்தமா எஞ்சின் வச்சிருக்கானோ அவன் கேம் ஒழுங்கா ஓடுது. அவ்ளோதான்.

பழைய_பிக்சல்

அடையாறு தம்பி, கிங்டம் கம் 2 ஓடுவது க்ரை எஞ்சினில். அது அந்த கேமைச் செய்த வார்ஹார்ஸின் சொந்தச் சரக்கு அல்ல, கிரைடெக்கிடம் வாங்கியது. வாங்கிய எஞ்சினை உள்ளே புகுந்து தங்களுக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். ஆக உங்கள் உதாரணமே எதிர்த் தரப்புக்குத்தான் சாட்சி சொல்கிறது.

ஸ்டட்டர் விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு வகை.

முதலாவது, ஷேடர் கம்பைல். ஷேடர் என்பது ஒரு பொருளின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கணக்கிடும் சிறு நிரல். விண்டோஸின் கிராஃபிக்ஸ் இடைமுகமான டைரக்ட்எக்ஸ் 12-இல் ஒரு பொருளைத் திரையில் வரைய, அதன் ஷேடர், கலப்பு முறை, வெர்டெக்ஸ் அமைப்பு எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி டிரைவரிடம் கொடுக்க வேண்டும். டிரைவர் அதை உங்கள் கார்டுக்கு மட்டும் புரியும் மெஷின் கோடாக மாற்றும். 60 ஃப்ரேமில் ஓடும் கேமுக்கு ஒரு ஃப்ரேமுக்கு இருப்பது 16.6 மில்லிசெகண்ட். புதிய ஒரு தீப்பொறி எஃபெக்ட் முதன்முறை திரைக்கு வரும்போது இந்த மாற்றும் வேலைக்கே 100 மில்லிசெகண்ட் பிடித்தால், அந்த நேரம் படம் அப்படியே நிற்கும். இரண்டாம் முறை அதே தீப்பொறி வரும்போது ஒன்றும் ஆகாது. கன்சோலில் இந்தத் தொல்லை இல்லை. ஒரே சிப் என்பதால் ஸ்டூடியோவிலேயே கம்பைல் செய்து அனுப்பிவிடுவார்கள். பிசியில் கார்டுக்குக் கார்டு, டிரைவருக்கு டிரைவர் மாறும்.

அன்ரியலில் இது ஏன் அதிகம்? மெட்டீரியலை, அதாவது பொருளின் மேற்பரப்புத் தோற்றத்தை, யார் வேண்டுமானாலும் வரைபடமாக இழுத்து இணைத்துப் புதிதாக உருவாக்கலாம். ஆர்டிஸ்டுகளுக்கு அது வரம். கேம் முடியும்போது ஷேடர் வகைகள் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும், எது எப்போது தேவைப்படும் என்று யாருக்கும் தெரியாது. அன்ரியல் 5.1 முதல் இதை முன்கூட்டியே தயார் செய்யும் வசதியை எபிக் சேர்த்து வருகிறது.

இரண்டாவது, உலகம் லோடாகும்போது வரும் வெட்டு. நீங்கள் சொன்ன ஆப்லிவியன் குதிரை அந்த வகை.

இரண்டுமே அன்ரியலுக்கு மட்டும் உரிய நோய்கள் இல்லை. எல்டன் ரிங் ஃப்ரம்சாஃப்ட்வேரின் சொந்த எஞ்சின். பிசியில் வந்தபோது எப்படித் திக்கியது என்று நினைவிருக்கும். ஸ்டீம் டெக்கில் மட்டும் மேலாக ஓடியது, ஏனென்றால் ஒரே ஹார்டுவேர், வால்வ் கம்பைல் செய்த ஷேடர்களை முன்பே இறக்கிக் கொடுத்தது. 2022 டிசம்பரில் விட்சர் 3-க்கு வந்த டைரக்ட்எக்ஸ் 12 அப்டேட்? அதுவும் சாட்சாத் ரெட் எஞ்சின்தான். முதல் சில வாரம் அதை விளையாடியவர்கள் கையைத் தூக்குங்கள்.

அடையாறு_அல்ட்ரா

அந்த அப்டேட்டை ஞாபகப்படுத்தாதீங்க சார், வயிறு எரியுது.

மெஷ்_மாரி

விளையாடுறவங்க பக்கம் பேசியாச்சு. செய்யுறவங்க பக்கம் நான் சொல்றேன். நான் சென்னையில ஒரு அவுட்சோர்ஸ் கம்பெனியில என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட். வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்கு சுவர், பாறை, குப்பைத்தொட்டி, பெட்டிக்கடை எல்லாம் செஞ்சு கொடுக்குற வேலை.

சொந்த எஞ்சின் வச்சிருந்த ஒரு ஸ்டூடியோவோட வேலை பார்த்தோம். பேர் வேண்டாம். எஞ்சினை எங்ககிட்ட கொடுக்கவே இல்ல. மாயாங்கிற 3டி மென்பொருளுக்கு ஒரு எக்ஸ்போர்ட்டர் ப்ளக்இன் மட்டும் கொடுத்தாங்க, கூடவே ஒரு பிடிஎஃப். நாங்க ஒரு மரக்கதவு செஞ்சு சாயங்காலம் அனுப்புவோம். அவங்க ஊர்ல விடிஞ்சதும் யாரோ ஒருத்தர் அதை எஞ்சின்ல ஏத்தி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, சிவப்புல வட்டம் போட்டு அனுப்புவாங்க: "கீல் பக்கம் ரொம்ப பளபளன்னு இருக்கு." அந்த பளபளப்பு எங்க ஸ்க்ரீன்ல தெரியவே தெரியாது. சரி பண்ணி அனுப்பினா மறுநாள் இன்னொரு வட்டம். ஒரு கதவுக்கு ஒரு வாரம்.

அன்ரியல் ப்ராஜெக்ட்ல அதே கதவை லெவல்ல வச்சு, லைட்டைத் திருப்பி, என் கண்ணாலயே பார்த்துட்டு அனுப்புறேன். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்.

ஆள் எடுக்குறதும் அப்படித்தான். இங்க கேம் ஆர்ட் கத்துக்கொடுக்குற எந்த இன்ஸ்டிட்யூட்டா இருந்தாலும் அன்ரியல் இல்லன்னா யூனிட்டி. ரெட் எஞ்சின் கத்துக்கிட்டு வந்த பையன்னு உலகத்துலயே ஒருத்தன் கிடையாது. வார்சாவுக்குப் போய் வேலையில சேர்ந்த பிறகுதான் கத்துக்கணும், வேலையை விட்டுட்டா அந்தப் படிப்பு வேற எங்கயும் செல்லாது. ஹேலோ இன்ஃபினிட்ல நடந்ததா செய்தி வந்ததே இதான். அதோட சொந்த எஞ்சின் ஸ்லிப்ஸ்பேஸுக்குள்ள, ஹேலோவை முதல்ல செஞ்ச பங்கீ காலத்துப் பழைய கோடு. அதுல வேலை செஞ்சவங்கள்ல நிறைய பேர் ஒப்பந்த ஊழியர். மைக்ரோசாஃப்ட் விதிப்படி 18 மாசத்துக்கு மேல தொடர்ந்து இருக்க முடியாது. எஞ்சின் பிடிபடுற நேரத்துல மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். 2024 அக்டோபர்ல அந்த ஸ்டூடியோ பேரை ஹேலோ ஸ்டூடியோஸ்னு மாத்திக்கிட்டு அன்ரியலுக்குப் போனதுல எனக்கு எந்த ஆச்சரியமும் இல்ல.

நிலா_மோட்ஸ்

மாரிக்கா சொல்றது ஆர்ட்டுக்குப் பொருந்தும். குவெஸ்ட்டுக்கு, அதாவது கேமுக்குள்ள வர்ற கதைப் பணிகளுக்குப் பொருந்தாது.

2024 மே மாசம் விட்சர் 3-க்கு ரெட்கிட்னு அவங்களோட எடிட்டரையே இலவசமா விட்டாங்க. அதைத் திறந்து பார்த்தவங்களுக்குத் தெரியும். ஒரு குவெஸ்ட் முழுக்க முடிச்சு முடிச்சா ஒரு வரைபடமா விரியும். நடுவுல நாம எடுக்குற ஒவ்வொரு முடிவும் "ஃபேக்ட்"னு ஒரு பதிவா உள்ள போய் உக்காரும். முணுமுணுக்கும் குன்றுல அந்த மரத்துக்குள்ள இருக்குறதை விடுவிச்சீங்களா, கொன்னீங்களா? அங்க ஒரு பதிவு. எத்தனையோ மணி நேரம் கழிச்சு, பாரனோட மனைவி கதை வரும்போது வேற ஒரு குவெஸ்ட் அந்தப் பதிவு இருக்கான்னு கேக்கும். அவ கதியே அதுல மாறும். வசனம், கேமரா, முகபாவம், பதிவு எல்லாம் ஒரே எடிட்டருக்குள்ள. கதை எழுதுறவங்க பக்கத்துலயே புரோகிராமர் உக்காந்து வருஷக்கணக்கா செதுக்கின சாமான் அது.

அன்ரியலை இறக்கிப் பாருங்க. இதுல எதுவும் இருக்காது. வெளிச்சம் இருக்கு, பாறை இருக்கு, காட்சிகளை அடுக்குற சீக்வென்ஸர் இருக்கு. விட்சர் மாதிரி குவெஸ்ட் செய்யுற சாமானை முதல்ல இருந்து கட்டணும். எஞ்சினை மாத்துறேன்னு சொல்லிட்டு பாதி எஞ்சினை மறுபடி எழுதுறாங்க. அதைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கிறீங்க.

மோட் பண்றவங்க (கேமை ரசிகர்களா மாத்தி அமைக்கிறவங்க) கதி இன்னும் மோசம். எங்க கம்யூனிட்டியில உல்வன்கிட்ங்கிற மோட் கருவியை வச்சு சைபர்பங்க் ஃபைலை ஒவ்வொண்ணா பிரிச்சுக் கத்துக்கிட்டதெல்லாம் இந்த கேமோட போச்சு.

யாழ்_பிஎஸ்5

அண்ணையள், எனக்கு ஒண்டு விளங்கேல்ல. உவங்கள் அஞ்சாறு வருசத்துக்கு ஒரு கேம் விடுற கம்பனி. எல்லாருக்கும் பொதுவான எஞ்சின் உவங்களுக்கு என்னத்துக்கு?

பழைய_பிக்சல்

யாழ் தம்பி கேட்டதுதான் கேள்வி.

அவர்கள் சரித்திரத்தைப் பாருங்கள். 2007-இல் முதல் விட்சர், பயோவேரிடம் வாங்கிய அரோரா எஞ்சினில். 2011-இல் விட்சர் 2, ரெட் எஞ்சினின் தொடக்கம். 2015-இல் விட்சர் 3, திறந்த உலகத்துக்காக எஞ்சினில் மீண்டும் பெரிய வேலை. அடுத்து சைபர்பங்க்: குதிரையில் போகும் மூன்றாம் நபர் கேமுக்காகக் கட்டியதை, காரில் பறக்கும் முதல் நபர் நகரமாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் கேமையும் எஞ்சினையும் சேர்த்தே கட்டினார்கள். எடிட்டர் பாதியில் நிற்கும், அதை வைத்துக்கொண்டு டிசைனர் லெவல் போட வேண்டும். 2021 ஜனவரியில் மார்சின் இவின்ஸ்கி மன்னிப்புக் கேட்டு வெளியிட்ட வீடியோவில் பழைய கன்சோல்களில் டேட்டாவை ஸ்ட்ரீம் செய்யும் பகுதியைத்தான் முக்கியக் குற்றவாளியாகக் காட்டினார். பிஎஸ்4-இன் ஹார்ட் டிஸ்க்குக்கு நகரம் பெரிதாகிவிட்டது. நிர்வாகம் தேதியைத் தள்ளாததை எஞ்சின் தலையில் கட்ட முடியாது. ஆனால் எஞ்சினும் கேமும் ஒன்றையொன்று காத்துக் கிடந்தது உண்மை.

இனி அவர்கள் ஒரு கேம் கம்பெனி இல்லை. 2022 அக்டோபரில் ஒரே மூச்சில் அறிவித்தவை: போலாரிஸ் என்ற பெயரில் விட்சர் 4, ஒராயன் என்ற பெயரில் அடுத்த சைபர்பங்க், சிரியஸ், ஹடார் என்ற பெயர்களில் இன்னும் இரண்டு கேம்கள், கேனிஸ் மஜோரிஸ் என்ற பெயரில் முதல் விட்சரின் ரீமேக். ரீமேக்கைச் செய்வது ஃபூல்ஸ் தியரி, அது வேறு ஸ்டூடியோ. ஒராயன் குழு பாஸ்டனில். ஒவ்வொரு கேமுக்கும் எஞ்சினின் ஒரு கிளையை வெட்டி, எல்லாவற்றையும் ஒரே குழு பராமரிப்பது நடக்காத காரியம். அவர்களுடைய தொழில்நுட்பத் துணைத்தலைவர் சார்ல்ஸ் டிரெம்ப்ளேயும் பேட்டியில் இதையேதான் சொன்னார்: எஞ்சின் மோசம் என்று விடவில்லை, பல கேம்களை ஒரே நேரத்தில் செய்யப் போவதால் விடுகிறோம் என்று.

நிலா சொல்வதிலும் நியாயம் உண்டு. குவெஸ்ட் சாமானை மறுபடி கட்டத்தான் வேண்டும். ஆனால் அதை ஒருமுறை கட்டினால் போதும். படம் வரையும் ரெண்டரரையும் பிஎஸ்5-க்கு மாற்றும் வேலையையும் மெமரி மேனேஜரையும் அதே ஆட்கள் பார்க்க வேண்டியதில்லை.

கணக்கு_கந்தன்

யாராவது "வாடகை வீடு, சொந்த வீடு" உவமையைக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லி முடிச்சிடுறேன். ஆமா, வாடகை வீடுதான். ஹவுஸ் ஓனர் யாருன்னு பாருங்க.

அன்ரியலோட பொது விலை: முதல் பத்து லட்சம் டாலர் வருமானத்துக்கு ஒண்ணும் கிடையாது, அதுக்கு மேல 5 சதவீதம். 2025-ல இருந்து எபிக் ஸ்டோர்லயும் அதே நாள்ல விட்டா 3.5. 60 டாலர் கேம் ஒரு கோடி பிரதி போச்சுன்னா 60 கோடி டாலர். பொது விலையில அதுல 5 சதவீதம்னா கிட்டத்தட்ட 3 கோடி டாலர். பெரிய கம்பெனி தனியா பேரம் பேசும், சரி. ஆனா அந்தப் பணத்துல எத்தனை வருஷம் ஒரு எஞ்சின் டீமை வச்சிருக்கலாம்னு கணக்குப் போடுங்க.

பணம்கூட பரவாயில்ல. 2023 செப்டம்பர்ல யூனிட்டி என்ன பண்ணுச்சு? ராத்திரியோட ராத்திரியா ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் காசுன்னாங்க. ஏற்கெனவே வெளிவந்த கேமுக்கும் சேர்த்து! ஸ்லே த ஸ்பையர் செஞ்ச மெகா க்ரிட், அடுத்த பாகத்தை இலவச எஞ்சினான கோடோட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. டெரேரியா கேம் செஞ்சவங்க யூனிட்டியைப் பெருசா பயன்படுத்தாமலே கோடோட்டுக்கும், இன்னொரு இலவசக் கருவியான எஃப்என்ஏ-வுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தாங்க. யூனிட்டியோட தலைமை அதிகாரி அடுத்த மாசமே கிளம்பினார், கட்டணத்தை ஒரு வருஷம் கழிச்சு முழுசா ரத்து பண்ணாங்க. நம்பிக்கை வந்துச்சா?

எபிக் அப்படிச் செய்யாதுன்னு சொல்லுவீங்க. 2020 ஆகஸ்ட்ல எபிக்குக்கும் ஆப்பிளுக்கும் ஃபோர்ட்நைட் சண்டை வந்தப்போ, அன்ரியலுக்கான டெவலப்பர் கணக்கையே வெட்டுறேன்னு ஆப்பிள் மிரட்டுச்சு. நீதிபதி தடை போட்டதால தப்பிச்சது. யாரோ ரெண்டு பேர் சண்டையில சம்பந்தமே இல்லாத ஸ்டூடியோவோட ஐஃபோன் கேம் மாட்டிக்கும். சொந்த எஞ்சின்காரனுக்கு இந்தக் கவலை இல்ல.

மெஷ்_மாரி

கந்தன் அண்ணே, யூனிட்டி மாதிரி பண்ண முடியாதபடி அன்ரியல் ஒப்பந்தத்துல ஒரு வழி இருக்கு. புது விதி பிடிக்கலன்னா கையில இருக்குற பதிப்பைப் பழைய விதியிலயே ஓட்டலாம். எஞ்சினோட சோர்ஸ் கோடும் (மூல நிரல்) கிட்ஹப் தளத்துல கைக்கு வந்துடுது.

கணக்கு_கந்தன்

கையில இருக்குற பதிப்பு சரி. அடுத்த பிளேஸ்டேஷன் வரும்போது?

நிலா_மோட்ஸ்

அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க பாருங்க.

இன்னொண்ணு. விடாதவங்களும் இருக்காங்க. கேப்காம் ஆர்இ எஞ்சினை 2017-ல ரெசிடென்ட் ஈவில் 7-ல தொடங்கி ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வரைக்கும் அதையே வச்சு ஓட்டினாங்க. கெரில்லா ஸ்டூடியோவோட டெசிமா எஞ்சினை கேம் இயக்குநர் கோஜிமா வாங்கி டெத் ஸ்ட்ராண்டிங் செஞ்சார். ரெமெடியோட நார்த்லைட் எஞ்சின் இல்லாம ஆலன் வேக் 2 இல்ல. லேரியனும் பால்டர்ஸ் கேட் 3-ஐ சொந்த எஞ்சின்லதான் செஞ்சாங்க. எல்லாரும் எபிக் வீட்டு வாசல்ல போய் நின்னா எல்லா கேமும் ஒரே மூஞ்சியா ஆயிடும்.

பழைய_பிக்சல்

கேப்காம் நல்ல உதாரணம், இரண்டு பக்கத்துக்கும். குறுகலான வீடும் சண்டை மேடையும் இருக்கும் வரை ஆர்இ எஞ்சின் பறந்தது. டிராகன்ஸ் டாக்மா 2-இல் ஊர் நிறைய மனிதர்களை விட்டவுடன் சிபியு திணறியது. மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் பிசியில் வாங்கிய வசவு தெரியும். அவர்கள் எஞ்சினைத் தூக்கி எறியவில்லை, அதையே வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் அதற்கு ஆள் இருக்கிறது, ஆண்டுக்குப் பல கேம் வருகிறது, செலவு பகிர்ந்து போகிறது.

ஈஏ-வின் ஃப்ராஸ்ட்பைட்தான் எச்சரிக்கை. ஈஏ-வின் ஒரு ஸ்டூடியோவான டைஸ் அதைச் சுடும் கேமுக்காகச் செய்தது. இன்னொரு ஈஏ ஸ்டூடியோவான பயோவேர் டிராகன் ஏஜ் இன்க்விசிஷனுக்கு எடுத்தபோது ஆர்பிஜிக்கு (பாத்திரமேற்று ஆடும் கேமுக்கு) வேண்டிய சேவ் முறை, உடன்வரும் கூட்டாளிகள் போன்ற அடிப்படைகளே அதில் இல்லை. கட்டினார்கள். பிறகு மாஸ் எஃபெக்ட் ஆண்ட்ரோமெடாவுக்கு நிறைய மறுபடி கட்டினார்கள், ஆன்த்தமுக்கு இன்னொரு முறை. ஃப்ராஸ்ட்பைட் தெரிந்தவர்களைக் கேட்டால், அவர்கள் ஃபிஃபாவுக்குப் போய்விட்டிருப்பார்கள், வருமானம் அங்கே என்பதால். பெயருக்கு அது "சொந்த" எஞ்சின். பயோவேர் பார்வையில் அது வெளியாள் எஞ்சினை விட மோசம்: ஆவணமும் இல்லை, கேட்டால் பதில் சொல்ல ஆளும் இல்லை. அதே ஈஏ-வுக்குள் ரெஸ்பான் மட்டும் அன்ரியலில் ஜெடை ஃபாலன் ஆர்டரை முடித்து வெளியிட்டது.

ஆகவே எஞ்சின் யார் பெயரில் இருக்கிறது என்பதை விட, அதை எழுதியவர் அழைத்தால் வரும் தூரத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் விடாதீர்கள்.

பாலா_ரிக்

அப்ப ஸ்கைரிம், ஆப்லிவியன் செஞ்ச பெதஸ்டா? வருஷம் முழுக்க "உங்க சொந்த க்ரியேஷன் எஞ்சினைத் தூக்கி எறி"ன்னு திட்டு வாங்குறாங்களே.

நிலா_மோட்ஸ்

எறிஞ்சா நான் தெருவுல இறங்கிப் போராடுவேன். மேசை மேல இருக்குற ஒவ்வொரு தட்டும் கிண்ணமும் தனிப் பொருள், எடுத்து வேற ஊர்ல போட்டுட்டு வந்தா அம்பது மணி நேரம் கழிச்சும் அங்கயே கிடக்கும். ஸ்கைரிம் இன்னும் உயிரோட இருக்குறது மோட்ஸால, மோட்ஸ் இருக்குறது அந்த எஞ்சின் அமைப்பால. ஆப்லிவியன் ரீமாஸ்டர்ல என்ன பண்ணாங்க? அடியில பழைய எஞ்சின் அப்படியே கேமை நடத்துது, மேல அன்ரியல் படம் மட்டும் வரையுது. விட முடியலன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதான்.

அடையாறு_அல்ட்ரா

அந்த "மேல படம் மட்டும் வரையுற" பாகம்தான் திக்குது, கவனிச்சீங்களா.

மெஷ்_மாரி

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. க்ளேர் ஆப்ஸ்கர் செஞ்ச சாண்ட்ஃபால் மாதிரி, மையக் குழுவுல முப்பது பேர் சொச்சம் இருக்குற டீம் சொந்த எஞ்சின்ல உக்காந்திருந்தா இன்னும் ஒரு அறையில வெளிச்சம் விழுதான்னு பார்த்துக்கிட்டு இருப்பாங்க. சின்ன டீமுக்கு இதுல விவாதமே கிடையாது.

பழைய_பிக்சல்

அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

பெரிய டீமுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். அன்ரியலுக்குப் போனால் எஞ்சின் புரோகிராமர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நிதித் துறையில் யாராவது நினைப்பார்கள். அங்கேதான் அடி விழும். சோர்ஸ் கோடில் கை வைக்காமல் பெரிய திறந்த உலகம் செய்ய முடியாது. கை வைத்த பிறகு எபிக்கின் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் உங்கள் மாற்றங்களோடு ஒட்டவைக்க வேண்டும். ஒரு பதிப்பு தாண்டுவதற்கே வாரக்கணக்கில் ஆகும், பாதியில் எடிட்டர் திறக்காது, ஆர்டிஸ்டுகள் வந்து மேசை அருகே நிற்பார்கள். ஒரு கட்டத்தில் "போதும், இந்தப் பதிப்போடு நிறுத்திக்கொள்வோம்" என்று விட்டுவிடுவார்கள்.

சிடி புராஜெக்ட் ரெட் இதைப் புரிந்துகொண்ட மாதிரி தெரிகிறது. எஞ்சின் ஆட்களில் பலரை வைத்துக்கொண்டு எபிக்கோடு சேர்ந்தே எழுதுகிறார்கள். அன்ரியல் 5.6-இல் வந்த வேகமான ஜியோமெட்ரி ஸ்ட்ரீமிங் (உலகத்தின் வடிவங்களைப் போகப்போக லோடு செய்யும் முறை) விட்சர் 4 வேலையில் பிறந்தது. இலை தழைகளை நுணுக்கமாக வரையும் நானைட்டும் அப்படியே. மேலே நான் சொன்ன இரண்டாம் வகை ஸ்டட்டருக்கு அந்த ஸ்ட்ரீமிங்தான் மருந்து. மாற்றாமல் இருந்திருந்தால் இந்த வேலை வார்சாவுக்குள்ளேயே இருந்திருக்கும். இப்போது எல்லாருக்கும் போகிறது.

என் கருத்து: அவர்கள் அளவுக்குச் சரியான முடிவு. கொடுத்த விலை காலம். விட்சர் 4 2026 முடிவதற்குள் வராது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

அடையாறு_அல்ட்ரா

எல்லாருக்கும் போகுதுன்னா, நான் ஏற்கெனவே வாங்கி வச்சிருக்குற கேமுக்கும் வருமா?

பழைய_பிக்சல்

வராது. அந்த கேம் எந்தப் பதிப்பில் வெளிவந்ததோ அதில் நிற்கும். ஸ்டூடியோ மெனக்கெட்டுப் பதிப்பு தாண்டினால்தான் உண்டு, பெரும்பாலும் தாண்டமாட்டார்கள்.

அடையாறு_அல்ட்ரா

சரி, கடைசியா ஒண்ணு கேக்குறேன். 2025 ஜூன்ல விட்சர் 4 டெமோ காட்டினாங்களே, 60 ஃப்ரேம், ரே ட்ரேசிங்கோட, வெட்டே இல்லாம. அது ஓடினது சாதாரண பிஎஸ்5-ல. ஷேடர் ஸ்டட்டர் கன்சோல்ல இல்லன்னு மேல நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப அந்த டெமோவை வச்சு பிசிக்காரன் என்ன முடிவுக்கு வர முடியும்?

பழைய_பிக்சல்

ஸ்ட்ரீமிங் சரியாகியிருக்கிறது என்ற முடிவுக்கு வரலாம். ஷேடர் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

அடையாறு_அல்ட்ரா

அப்ப பிசி பில்டைக் காட்டுற வரைக்கும் ப்ரீ-ஆர்டர் கிடையாது.

யாழ்_பிஎஸ்5

நான் போடுறன். எனக்கென்ன.